முன் சீட்டு மிஸ்

அவர் என் வேனில் ஆறு வருடம் வந்தார். அந்த ஆறு வருடத்தில் ரோட்டை அவர் பார்த்ததைவிட என் பாதங்களைப் பார்த்ததுதான் அதிகம். விடியற்காலையில் முன் சீட்டில் ஏறுவார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவார். கைப்பையை மடியில் வைத்து, தலையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்து, கீழே பார்க்க ஆரம்பித்துவிடுவார். கிளச், பிரேக், அக்சிலேட்டர், அவற்றின் மேல் என் இரண்டு பாதங்கள். வண்டி நிற்கும்வரை பார்வை அங்கேயேதான். ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் பாதத்தையே வெறித்துக்கொண்டு வந்தால் எந்த டிரைவருக்குத்தான் கூசாது?

வீட்டில் சொன்னேன். என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒங்க காலுல என்ன தங்கமா காய்ச்சிருக்கு?" என்றாள். அதற்குப் பிறகு நான் தினமும் சோப்புப் போட்டுக் கால் கழுவிக்கொண்டுதான் வேனில் ஏறினேன். இதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

சண்டைக் காலம் அது. நான் அலுவிகாரையில் இருந்தேன். ரத்தோட்டைக்கும் மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, பின்னேரம் திரும்பக் கூட்டி வருவதுதான் என் ஹயர். அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மிஸ் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்ததால் முதலில் ஏறுபவர் அவர். முதலில் ஏறுபவருக்கு முன் சீட்டு. யாரும் எழுதி வைக்காத அந்தச் சட்டத்தை அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, உதட்டுக்குக் கீழே நாடியில் ஒரு தழும்பு. கணக்குப் பாடம் எடுத்தார்.

ஏறுமுன் அவர் வேனை ஒரு தடவை சுற்றி வருவார். டயரை விரல் நகத்தால் கீறிப் பார்ப்பார். டீசல் வாசம் வந்தால் குனிந்து அடியில் பார்ப்பார். பிறகு கேள்விகள் தொடங்கும்.

"நேத்து எத்தன மணிக்குப் படுத்தீங்க, தம்பி?"

"பத்துக்கு, மிஸ்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆமா, மிஸ்."

"வைப்பரு ஒரு தடவ போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டுவேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். வேன் என்னுடையது, லைசென்ஸ் என்னுடையது, பதினாலு வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான். இவர் ஒரு சைக்கிளைக்கூட ஓட்டியிருக்கமாட்டார். ஆனால் வண்டி நகர்ந்ததும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். பின்னால் இருந்து யாராவது என்னோடு பேச்சுக் கொடுத்தால், திரும்பி உதட்டில் விரலை வைப்பார். கேசட் போட விடமாட்டார். பாடசாலை வந்து இறங்கும்போதுதான் மறுபடி வாய் திறக்கும். அப்போதும் ஒரே ஒரு வசனம்.

"இன்னைக்கு ரெண்டு, தம்பி."

நாங்கள் பள்ளத்தில் விழுந்திருக்கக்கூடிய இடங்கள் இரண்டு என்று அர்த்தம். எந்த இரண்டு என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. பஸ்ஸை முந்தப் போய்க் கடைசி நிமிடத்தில் பின்வாங்கிய இடம் ஒன்று, ஹோர்ன் அடிக்காமல் திரும்பிய வளைவு ஒன்று. அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். அதுதான் என் கோபத்தைக் கிளப்பும்.

ஒரு நாள் உக்குவளையில் என் மச்சான் கல்யாணம். கண் மூடாமல் அப்படியே வந்து வேனை எடுத்தேன். எத்தனை மணிக்குப் படுத்தீங்க என்று கேட்டார். பத்துக்கு என்றேன். என் கண்ணைப் பார்த்தார். ஏறினார். டவுனில் மற்றவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு, மாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் நேரம் பார்த்து, மிஸ் சாவியைத் திருப்பிக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தம்பி பொய் சொல்றாரு. இருவது நிமிசம் தூங்கட்டும்," என்றார் பின்னால் திரும்பி.

வேனுக்குள் ஒரே களேபரம். காரணம், சிவப்புக் கோடு. பாடசாலையில் ஆசிரியர்கள் கையெழுத்துப் போடும் புத்தகத்தில் ஏழரை மணிக்கு அதிபர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் பிந்தி வந்தவர். அது சேரச் சேர லீவு வெட்டுப்படும், இடமாற்றத்துக்குப் போகும்போது அதையும் புரட்டிப் பார்ப்பார்கள். அந்த மலையில் பள்ளத்துக்குப் பயந்த ஆசிரியர் ஒருவரையும் நான் கண்டதில்லை. எல்லாருக்கும் பயம் அந்தக் கோட்டின் மேல்தான். செக்பொயின்டில் இறக்கி ஐடென்டி பார்த்து அரை மணி நேரம் போனால், அந்த அரை மணி நேரத்தை வளைவுகளில் நான் பிடித்துக் கொடுக்கவேண்டும். "கொஞ்சம் அழுத்துங்க தம்பி" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். அதிகம் வருவது விளையாட்டுப் பாடம் எடுக்கும் சேரின் குரல்; எங்களுக்கு அவர் விளையாட்டு சேர்.

அன்று நான் தூங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்டியரிங்கில் தலையை வைத்ததுதான் தெரியும். எழுப்பும்போது பாலில்லாத பிளேன்டீயோடு நின்றார். பத்துப் பேரும் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். பதினோராவதாக அவரும்.

அவரைப் பற்றி ஊருக்கு ஒரு கதை தெரியும். அவர் புருஷன் ஒரு தோட்டத்தில் கிளாக்கர். எண்பத்து மூன்று கலவரம் நடந்து இரண்டு வருடத்தில், கூட்டாளி ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் மேலே போனபோது, வளைவில் பிரேக் பிடிக்காமல் தேயிலைக்குள் உருண்டுவிட்டது. அவர் அங்கேயே முடிந்தார். இவர் நாடியில் தையலோடு தப்பினார். அந்தக் காருக்கு முந்தின கிழமைதான் ரத்தோட்டையில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் பிரேக் வேலை செய்திருந்தார். பாஸ் சிங்களவர், செத்தவர் தமிழர். காலமும் அப்படிப்பட்ட காலம். கவனக்குறைவு என்று தொடங்கிய பேச்சு, வேண்டுமென்றே செய்தான் என்பதுவரை போனது. யாரும் அவரிடம் வண்டி கொண்டு போகவில்லை. பாஸ் கராஜைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

அதனால்தான் மிஸ் பிரேக்கைப் பார்த்துக்கொண்டே வருகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். பாவம் என்று ஒரு பக்கம் தோன்றும். இத்தனை வருடமாகவா ஒரு மனிதனைச் சந்தேகிப்பது என்று மறு பக்கம் ஆத்திரம் வரும். போதாததற்கு என் செருப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. "சப்பாத்துப் போடுங்க தம்பி, நீளக் காலுறையும் போடுங்க" என்று மழைக்காலம் வந்தால் நச்சரிப்பார். ஒரு சோப்புத் துண்டைத் துணியில் சுற்றி டாஷ்போர்டில் வைத்திருந்தார், அட்டை கடித்தால் தேய்க்க. மேலே மழை பெய்தால் புல்லெல்லாம் அட்டைதான். கொழுந்து எடுக்கிற பெண்கள் அதைத் தட்டிவிட்டுத் தங்கள் பாட்டுக்கு வேலை பார்க்கிறார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு எதற்குச் சோப்பு? அந்தத் துண்டால் நான் கண்ணாடிதான் துடைத்தேன்.

கடைசியில் விஷயம் முற்றியது ஒரு மாரிக் காலத்தில். ஒரே கிழமையில் மூன்று நாள் கோட்டுக்குக் கீழே. ஒரு நாள் டயரில் கம்பி தெரிகிறது என்று மாற்றவைத்தார். ஒரு நாள் கூடுதலாக இரண்டு பேரை ஏற்றினேன் என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் மூடுபனியில், அவர் ஒன்றும் சொல்லாமலே, அந்தப் பார்வைக்காகவே நான் மெதுவாகப் போனேன். வியாழக்கிழமை பின்னேரம் விளையாட்டு சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நாங்க பேசி முடிவெடுத்திட்டோம். ஒண்ணு அந்தம்மா, இல்லாட்டி நாங்க பத்துப் பேரு. திங்கக்கிழமையிலருந்து வேற வேன் பாத்திருவோம்."

பத்துப் பேர் போனால் வேனை மூலையில் நிறுத்திவிட்டுக் கையைப் பிசையவேண்டியதுதான். வெள்ளிக்கிழமை காலையில் மிஸ்ஸிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். எல்லாரையும் இறக்கிய பிறகு, அவரிடம் மட்டும் சொல்வதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை விடாத மழை. ரத்தோட்டை தாண்டி ஏற்றத்தில் ஒரு மரக்கிளை ரோட்டில் விழுந்து கிடந்தது. நானும் விளையாட்டு சேரும் இறங்கி, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஓரத்துப் புல்லில் நின்று அதை இழுத்துப் போட்டோம். ஏறி, மறுபடி எடுத்தேன். அதற்கு மேல் மூடுபனி. முன் லைட் போட்டும் பத்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு மிஸ் சரியாக இல்லை. ஒரு கையால் டாஷ்போர்டைப் பிடித்திருந்தார். மற்றக் கை வாயைப் பொத்தியிருந்தது. கண் மட்டும் வழக்கம்போல என் காலில். மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது. பயந்து சாகட்டும், இன்றோடு தொலைந்தது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

மேலே ஒரு கொண்டை வளைவு. அதில் ஹோர்ன் அடிக்காமல், லைட் போடாமல், ஒரு கொழுந்து லொறி எங்கள் பக்கமாகவே இறங்கி வந்தது. பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கைப் பள்ளத்து ஓரம்வரை ஒடித்தேன். லொறி உரசாமல் போனது. எங்கள் பின் சில்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். பின்னால் எல்லாரும் கத்தினார்கள். மிஸ் கத்தவில்லை. கண்ணைக்கூட எடுக்கவில்லை.

பாடசாலையில் மணி ஏழு இருபத்தெட்டு. எல்லாரும் புத்தகத்தை நோக்கி ஓடினார்கள். மிஸ் இறங்கவில்லை. நான் சொல்லவேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எஞ்சின நிப்பாட்டுங்க, தம்பி."

நிறுத்தினேன்.

"ஹேண்ட் பிரேக்க இழுங்க."

இழுத்தேன்.

"இப்ப குனிஞ்சு இடது காலப் பாருங்க."

பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே ஓர் அட்டை, சுண்டுவிரல் பருமனுக்கு ஊதித் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று குடித்து முடித்து காலடி விரிப்பில் விழுந்து கிடந்தது. செருப்பு முழுக்க இரத்தம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"எப்ப கண்டீங்க?"

"கொப்ப இழுத்துப் போட்டுட்டு வந்து ஏறினீங்களே. அதுக்கு ரெண்டாவது வளைவுல."

"அப்பருந்து பாத்துக்கிட்டா இருந்தீங்க? என் ரத்தத்தக் குடிக்கிறத வேடிக்க பாத்தீங்களா? நீங்க ஒரு மனுசியா?"

அவர் டாஷ்போர்டிலிருந்து சோப்புத் துண்டை எடுத்தார். குனிந்து, என் காலைத் தன் மடிப் பக்கம் இழுத்து, அட்டையின் மேல் தேய்த்தார். அது சுருண்டு விழுந்தது. கைப்பையிலிருந்து எடுத்த கைலேஞ்சியால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"அவருக்கும் இப்பிடித்தான் தம்பி. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த எறங்கினாரு. ஏறி ரெண்டு வளைவு போனோம். நான்தான் கண்டேன். 'ஐயோ, ஒங்க காலுல அட்ட'ன்னேன். அவரு குனிஞ்சாரு."

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் காலை இழுக்கவில்லை.

"பிரேக்கு நல்லாத்தான் இருந்திச்சு. மிதிக்கத்தான் கால் அங்க இல்ல."

எனக்குக் கோபம் போகவில்லை. "நிப்பாட்டுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதுமே மிஸ்," என்றேன்.

"போதும்தான்," என்றார். "அன்னைக்கும் அந்த ஒரு வார்த்த போதும்தான். வாய்க்கு வந்தது வேற. அதுக்கப்பறம் வண்டி ஓடக்குள்ள வாயத் தொறக்க எனக்குப் பயம்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது பொலிஸ் சார்ஜன் வந்து, பிரேக் பிடிக்கவில்லையா என்று கேட்டாராம். இவர் தலையை ஆட்டினாராம். அவ்வளவுதான். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னால் அட்டை இருக்கிறதென்று யார் சொன்னது என்று கேட்பார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் மாமியார் நின்றார். கராஜ் பாஸை ஊர் பேசத் தொடங்கியபோது சொல்லியிருக்கலாம். அப்போது சொன்னால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துவிட்டது. பிறகு பாஸ் ஊரிலேயே இல்லை.

"எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியும். சீகிரியாவுல. பொண்டாட்டி ஊரு. திரீவீலர் ஓட்டுறாரு." கைலேஞ்சியை எடுத்துப் பார்த்தார். இரத்தம் நிற்கவில்லை, மறுபடி அழுத்தினார். "பஸ்ஸுல மூணு தடவ தம்புள்ள வரைக்கும் போயிருக்கேன். அங்கருந்து திரும்பிட்டேன்."

அன்று மிஸ் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். நான் சொல்லவேண்டியிருந்ததைச் சொல்லவில்லை. இறங்கும்போது, "ஞாயித்துக்கிழம எனக்கு ஹயர் இல்ல மிஸ்," என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து அதே வெள்ளைச் சேலையோடு வந்தார். என் காலைப் பார்த்தார். சப்பாத்துப் போட்டிருந்தேன், முழங்கால்வரை காலுறை. முன் சீட்டில் ஏறினார். நாலந்தை, நாவுல, தம்புள்ளை. தம்புள்ளையில் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்க்காமலே காத்திருந்தேன். வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. போனோம்.

சீகிரியாவில் தன் வீட்டு வாசலில் திரீவீலரைக் கழுவிக்கொண்டிருந்தார் பாஸ். தலை நரைத்த, மெலிந்த மனிதர். மிஸ்ஸின் நாடித் தழும்பைக் கண்டதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். மிஸ் உட்காரவில்லை. நின்றபடியே சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் ஊற்ற இறங்கியது, அட்டை, தான் சொன்ன சொல், அவர் குனிந்தது, தலையை ஆட்டியது. அழவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

பாஸ் ஏசுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏசவில்லை. ஈரக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்படியென்றால் நான் இறுக்கித்தான் இருக்கிறேன்," என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் மனைவி தேத்தண்ணியோடு வாசலுக்கு வந்தார். பாஸ் அவரைப் பார்த்துப் பெரிய குரலில், "கேட்டாயா? அந்தப் பிரேக் குழாய் நட்டை நான் இறுக்கித்தான் இருக்கிறேன்!" என்று கத்தினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

அவர் மனைவி எங்கள் கையில் கோப்பைகளைத் தந்தார். "பதினொரு வருஷம், மிஸ்," என்றார். "இறுக்கினேனா, இல்லையா என்று ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? அதற்குப் பிறகு வேறொருவர் வண்டியில் பிரேக்கைத் தொட்டதே இல்லை." குரலில் சூடு இருக்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மிஸ் தேத்தண்ணியை முழுவதும் குடித்துக் கோப்பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பத்துப் பேரிடமும் சொன்னேன், இனி இருபது நிமிடம் முந்தி எடுப்பேன், முன் சீட்டு மிஸ்ஸுக்குத்தான், விருப்பமில்லாதவர்கள் வேறு வேன் பார்க்கலாம் என்று. விளையாட்டு சேரும் இன்னும் இரண்டு பேரும் போனார்கள். மற்றவர்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள். எப்படியோ ஓடியது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்த வழிதான். மிஸ் வழக்கம்போலத் தலையைச் சாய்த்து என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாரம் இறக்கி வைத்தவரின் முகமாக அது இல்லை. நாலந்தை வளைவில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று சட்டெனத் திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தார். எதிரே வந்த பஸ் உரசாத குறையாக விலகி, நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

அலுவிகாரையில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கினார். கதவைச் சாத்தி, மூடிவிட்டதா என்று இழுத்துப் பார்த்தார். முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஒண்ணு, தம்பி," என்றார்.